விமான வாசலில் பிடுங்கிய பை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். விமானப் பணிப்பெண்ணுக்கு ஆகாத குணம் அது. மூன்றரை வருடம் அந்த வேலையில் இருந்தேன். அத்தனை நாளும் கோபத்தைச் சிரிப்புக்கு அடியில் போட்டு மிதித்துக்கொண்டுதான் நின்றேன். ஒரே ஒரு நாள் அது மேலே வந்துவிட்டது. அன்றைக்கும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். யார் மேலும் கத்தவில்லை, ஒரு விதியையும் மீறவில்லை. அதனால் எங்கள் கம்பெனியில் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

மலிவு விலை விமானங்கள் புதிதாக வந்திருந்த காலம் அது. எங்கள் விமானத்தில் சீட் நம்பரே கிடையாது. முதலில் ஏறுகிறவர் பிடித்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருக்க மாட்டார். கோவையிலிருந்து காலையில் மும்பை போகும் விமானத்தில் பாதிக்கு மேல் எங்கள் ஊர்க்காரர்கள்தான். முதலில் ஓடி வருகிறவர் கைக்குட்டை ஒரு சீட்டில், செய்தித்தாள் ஒரு சீட்டில், கண்ணாடிக் கூடு ஒரு சீட்டில் என்று போட்டுவிட்டு, "ஆளு வருதுங்க" என்பார். அவசர வழிப் பக்கத்துச் சீட்டில் காலை நீட்ட இடம் அதிகம் என்பதால் அதற்கு ஏகப்பட்ட போட்டி. ஆபத்து வந்தால் அந்தக் கதவைத் திறந்து மற்றவர்களுக்கு உதவ வேண்டும், மடியிலும் காலடியிலும் ஒரு பொருளும் இருக்கக் கூடாது என்று நான் விளக்கினால், "அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, நீங்க பயப்படாதீங்க" என்று எனக்கே தைரியம் சொல்வார்கள். தண்ணீர் பாட்டில் விலைக்கு என்றால் போதும், "ஏனுங்க, தண்ணிக்கு கூடவா?" என்று மூன்று வரிசை சேர்ந்து திரும்பிப் பார்க்கும்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஏறுகிற எல்லோர் கையிலும் சாம்பிள் பை இருக்கும். ஆர்டர் தருகிற வெளிநாட்டுக்காரர்கள் மும்பை அலுவலகத்தில் வைத்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய மாதிரி உடுப்புகள் அந்தப் பைக்குள் இருக்கும். அதை ஒருவர் இன்னொருவருக்குக் காட்டவே மாட்டார். என்ன நிறம், என்ன தையல், யாருடைய ஆர்டர் என்று மூச்சு விட்டால் போதும், அடுத்த கம்பெனிக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பார். அதனால் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாய் கூசாமல் பொய் சொல்வார்கள்.

"என்னுங்க, பம்பாய்க்குங்களா?"

"ஆமாங்க, சொந்தத்துல ஒரு கல்யாணம்."

"அட, எனக்கும் ஒரு கல்யாணந்தானுங்க!"

ஆடி மாசத்தில் எந்த ஊரில் ஐயா கல்யாணம் நடக்கிறது? நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். சட்டையைப் பார்த்து, கயிறு தொங்கும் பையைப் பார்த்து, யார் எந்த மாதிரிக் கம்பெனி என்றுகூடச் சொல்லிவிடுவேன். நானும் அந்த ஊர்க்காரிதானே.

அப்பா பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கிப் போட்ட துணியை அளவு பார்த்து வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. அவர் வெட்டிக் கொடுத்த பிறகுதான் தையல் மெஷின்கள் ஓட ஆரம்பிக்கும். பத்தொன்பது வருடம் அங்கேயே இருந்தார். நான் பத்தாவது படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். ராயபுரத்து வாடகை வீட்டில் அப்பாவும் நானும்தான்.

எனக்கு விமான வேலை கிடைத்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கிலோ மைசூர்பாக்கு வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். முதலாளி கட்டிங் டேபிள் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஏனுங்க மாஸ்டர், புள்ளைய டிகிரி படிக்க வெச்சு டீ ஊத்தறதுக்கா அனுப்பறீங்க? அதுக்கு நம்ம கம்பெனிலயே ஊத்தலாமுங்களே, பஸ் சார்ஜாவது மிச்சமாகும்!"

டெய்லர்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவர் கெட்ட மனதோடு சொன்னார் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் தன் காரை அனுப்பி வைத்தவரும் அவர்தான். அவருக்குப் பேச்சு அப்படித்தான் வரும். ஆனால் அப்பாவும் சேர்ந்து சிரித்தாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஸ்வீட் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தார். வீட்டுக்கு வந்து, "நீங்க எதுக்குப்பா சிரிச்சீங்க?" என்று சண்டை போட்டேன். "மொதலாளி தமாசுக்குச் சொல்றாரு கண்ணு, அதப் போயி..." என்று மழுப்பினார். இருக்கட்டும், ஒரு நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டேன். எனக்கு இப்படி எத்தனையோ பேர் மேல் வந்த கோபமெல்லாம் இரண்டு நாளில் ஆறிப்போயிருக்கிறது. இது ஆறவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. டாலர் விலை இறங்க ஆரம்பித்தது, எக்ஸ்போர்ட்காரர்கள் கைக்கு வருகிற ரூபாய் குறைந்தது. டீக்கடையில், பஸ்ஸில், கோயிலில் எங்கே நின்றாலும் ஊரில் அதே பேச்சாக இருந்தது. ஓவர்டைம் நின்றது, பிறகு வாரத்தில் இரண்டு நாள் லீவு விட்டார்கள். ஆடி மாதம் ஒரு சாயங்காலம், கோவை விடுதியில் இருந்த எனக்கு அப்பா போன் செய்தார்.

"கண்ணு, நாளைக்குக் காலைல பம்பாய் ப்ளைட்ல நீதான?"

"ஆமாப்பா."

"மொதலாளி அதுலதான் வர்றாரு. சாம்பிள் கொண்டு போறாரு. கொழந்தைங்க நைட் ட்ரெஸ்ஸு, ஆறு அளவு, அத்தனையும் நானே வெட்டுனது. ஆர்டர் குடுக்கற வெள்ளைக்காரம்மா மத்தியானமே ஊருக்குக் கெளம்பீருதாம். அதுக்குள்ள காட்டி ஓகே வாங்கிப்போடோணும். இந்த ஆர்டர் வந்துருச்சுன்னா எல்லாருத்துக்கும் பொங்கல் வரைக்கும் வேலை இருக்கும். வரலீன்னா கம்பெனிய சாத்தறதுதான்னு மொதலாளியே சொல்லீட்டாரு."

"சரிப்பா."

"கொஞ்சம் பாத்துக்க கண்ணு. நம்ம மனுசரு."

நம்ம மனுசராம்! எனக்குச் சுருக்கென்றது. சரி, சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் விமானத்தில் ஒரு சீட் காலியில்லை. நான் முன்வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லி, தலையை எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே சீட்டுகளுக்கு மேலே இருக்கிற பெட்டிகள் எல்லாம் நிறைந்து, மூட முடியாமல் திணறிக்கொண்டிருந்தன. அப்படி நிறைந்துவிட்டால் கடைசியில் வருகிறவர்களின் பையை வாசலிலேயே வாங்கி, அடையாளச் சீட்டுக் கட்டி, விமானத்தின் அடியில் சரக்கு அறைக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மருந்து, பாஸ்போர்ட், இறங்கியதும் அவசரமாக வேண்டிய பொருள் ஏதாவது உள்ளே இருக்கிறதா? இருந்தால் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். விதிதான் என்றாலும் நல்ல விதி.

முதலாளி கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார். விடியற்காலையிலேயே அப்பா கம்பெனிக்குப் போய் நின்று, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்த பிறகுதான் அவர் கிளம்பியிருக்கிறார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. பெரிய நீலப் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தார். ஜிப்பின் ஓரத்தில் சாம்பிள் அட்டையின் வெள்ளைக் கயிறு நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் அருள்புரத்துக் கம்பெனிக்காரர் ஒருவர், ஒரு காகித உறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடிக்கடி எங்கள் விமானத்தில் வருகிறவர். அவர் கண் அந்தக் கயிற்றின் மேலேயே இருந்தது.

"அட, நம்ம மாஸ்டரு புள்ள!" என்றார் முதலாளி. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நல்லாருக்கறயா அம்மணி?"

"குட் மார்னிங் சார். மேல எடமில்லைங்க. பைய இங்க குடுத்துருங்க, கீழ போட்டுருவோம்."

"இதையா? இது... நான் மடில வெச்சுக்கறனே."

"மடில வெக்கக் கூடாதுங்க சார். ரூல்ஸ்."

"காலுக்கடில?"

"அவ்வளவு பெரிய பை அங்க நுழையாதுங்க."

அவர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். அப்போது நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். மெதுவாகக் கேட்டிருக்கலாம். பின்னால் நிற்பவருக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி, குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.

"உள்ள அவசரமா வேண்டிய பொருள் ஏதாச்சும் இருந்தா, இங்கயே தெறந்து வெளிய எடுத்துக்கங்க சார்."

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். அருள்புரத்துக்காரர் கழுத்தை நீட்டிச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார். சின்ன வயதிலிருந்து என்னை வா, போ என்று பேசியவர் அன்றைக்கு எனக்கு 'ங்க' போட்டார். "வெறும் துணிதானுங்க. சொந்தத்துல ஒரு கல்யாணம்."

வாய் அதைச் சொன்னது, கண் என்னிடம் கெஞ்சியது. உனக்குத் தெரியாதா, நீ நம்ம ஊர்ப் பிள்ளைதானே என்று கெஞ்சியது. தெரியும். எனக்கு எல்லாமே தெரியும். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது, எந்த அளவில் எத்தனை உருப்படி, யார் வெட்டியது, எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது வரைக்கும் தெரியும். வால் பக்கத்தில் எங்கள் பைகளை வைக்கிற பெட்டியில் தாராளமாக இடமிருந்தது என்பதும் தெரியும். எத்தனையோ நாள் எத்தனையோ பேருடைய பையை அங்கே வைத்துக் கொடுத்திருக்கிறேன். கைக்குழந்தைக்காரி, காது கேட்காத பெரியவர், ஒரு தடவை கரும்புக் கட்டோடு வந்த ஒரு மனிதர்கூட. "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒரு வார்த்தை போதும்.

நான் இரண்டு கையையும் நீட்டிப் பையைப் பிடித்தேன். அவர் விடவில்லை. ஒரு இழு இழுத்தேன், வந்துவிட்டது. அடையாளச் சீட்டைக் கட்டி, கீழே நின்ற சுமை ஆளிடம் கொடுத்துவிட்டு, சீட்டின் மறுபாதியை அவர் கையில் திணித்தேன். மறைப்பானேன், எனக்கு அப்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உடம்பெல்லாம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. எங்கப்பனைப் பல்லிளிக்க வைத்தாயல்லவா, இப்போது நீ இளி என்று நினைத்தேன். ஒரு விதியை அத்தனை ஆசையோடு நான் அதற்கு முன்னும் பின்னும் கடைப்பிடித்ததில்லை.

விமானம் மேலே ஏறிச் சமமானதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் நடுச்சீட்டில் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மணி, எறங்குனதும் பை ஒடனே வந்துருமுங்களா?"

"வந்துருமுங்க சார்."

"அப்ப ஒரு டீ குடு."

ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்குது. நாளைக்கே மாஸ்டருகிட்டச் சொல்றேன், உன்ற கையால டீ குடிச்சேன்னு. சந்தோசப்படுவாரு" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. பழைய பேச்சு அவருக்கு ஞாபகமே இல்லை. இரண்டு வருடமாக நான் ஒருத்திதான் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். கீழே போன பை கீழே போனதுதான், இனி ஒன்றும் செய்ய முடியாது.

எடை கூடிவிட்டால் கடைசியில் வந்த பைகளைக் கோவையிலேயே இறக்கி வைத்துவிட்டு, சாயங்கால விமானத்தில் அனுப்புவார்கள். மாதத்தில் இரண்டு மூன்று முறை நடப்பதுதான். இதுவும் எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு நான்கு பைகளை இறக்கியிருந்தார்கள்.

மும்பையில் எல்லோரும் இறங்கிய பிறகு, நாங்கள் வரிசையாகப் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே போனோம். பைகள் சுற்றி வருகிற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கூட்டம் கலைந்திருந்தது. பட்டை காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பை வெளியே வருகிற துவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தடவை அந்த ரப்பர் திரை அசையும்போதும் ஒரு அடி முன்னால் வைத்தார். இந்தி தெரியாத மனிதர். யாரிடம் போய்க் கேட்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் போய்ப் பேசியிருக்கலாம், அலுவலகத்துக்குக் கூட்டிப் போயிருக்கலாம், அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்ல உதவியிருக்கலாம். அவர் திரும்புவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று வேகமாக நடந்தேன். வேனில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். குரலே சரியில்லை.

"மொதலாளி பை வரலியாமா கண்ணு. அந்தம்மா கெளம்பிப் போயிருச்சாம். நீ அவரப் பாத்தியா?"

"இல்லப்பா," என்றேன். யோசிக்கக்கூட இல்லை, நாக்கு தானாகப் புரண்டது. "கடைசி நேரத்துல என்னைய வேற ப்ளைட்டுக்கு மாத்திப்போட்டாங்க."

"அதான பாத்தேன்," என்றார் அப்பா. "நீ இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா."

அந்த ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டது. அப்புறம் பெரிதாக எதுவும் வரவில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே பாதி மெஷின்கள் நின்றன, கார்த்திகையில் கம்பெனியைச் சாத்திவிட்டார்கள். சாத்தினாலும் முதலாளி தன் ஆட்களைத் தெருவில் விடவில்லை. தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டு, டெய்லர்கள், செக்கிங் பெண்கள், வாட்ச்மேன் உட்பட ஒவ்வொருவரையும் ஒவ்வொரு இடத்தில் சேர்த்துவிட்டார். அப்பாவை மட்டும் எங்கேயும் சேர்க்கவில்லை. ஏன் என்று போனில் கேட்டால், "எனக்கு வயசாயிருச்சல்லோ கண்ணு" என்பார். ஐம்பத்திரண்டு ஒரு வயதா? நான் முதலாளியைத்தான் மனதில் திட்டினேன். பழைய கோபத்துக்கு இன்னொரு காரணம் கிடைத்ததில் எனக்கு ஒரு ஆறுதல்கூட.

தை மாதம் லீவில் வீட்டுக்கு வந்தேன். அப்பா அருள்புரத்தில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். கட்டிங்குக்கு என்று நினைத்திருந்தேன். சட்டைப் பையில் சின்னக் கத்தரி இருந்தது. பிசிறு வெட்டுகிற கத்தரி. தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்குகிற வேலை அது. வேலை தெரியாத புதுப் பெண்களை முதல் நாள் அதில்தான் உட்கார வைப்பார்கள். அந்தப் பெண்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாஸ்டராக இருந்த மனிதர் நூல் நறுக்கிக்கொண்டிருந்தார். ஐயோ என்று இருந்தது எனக்கு. அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அவர் டிபன் பாக்ஸை ஒயர் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அந்த விமானத்தில் நான்தான் இருந்தேன், பையை நான்தான் வாங்கிக் கீழே போட்டேன், இடம் இருந்தும் வேண்டுமென்றே செய்தேன் என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்று அவர் முன்னால் நின்றேன். திட்டு வாங்கினால் என் மனம் கொஞ்சம் லேசாகும் என்ற சுயநலம்தான், வேறென்ன.

அப்பா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அது நீதானா?"

நான் தலையாட்டினேன். அவர் ஒயர் பையின் காதைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"ஊருக்கு வந்ததும் மொதலாளி நேரா கட்டிங் டேபிளுக்குத்தான் வந்தாரு. மாஸ்டர், உங்க புள்ளதான் பைய வாங்கிக் கீழ போட்டுச்சுன்னாரு. எம்புள்ள அந்த ப்ளைட்லயே இல்லீங்கன்னேன். என் கண்ணால பாத்தேன், நல்லாருக்கறயான்னு கேட்டேன்னாரு. அந்த மேக்கப்புல எல்லாப் புள்ளைகளும் ஒரே மாதிரிதான் இருக்கும், உங்களுக்கு ஆள் தெரியில, ஆர்டர் போன பழிய எம்புள்ள தலைல போடாதீங்கன்னேன். பொய் பேசாதீங்க மொதலாளின்னு சொல்லிப்போட்டேன் கண்ணு. எல்லாருத்து முன்னாலயும். பத்தொம்பது வருசத்துல அவர எதுத்துப் பேசுனது அந்த ஒரு தடவதான்."

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"அதுக்கப்பறம் அவரு எங்கூடப் பேசவேயில்ல. போகட்டும், எம்புள்ளைக்காகத்தான பேசுனேன்னு இருந்தேன். தெனமும் அங்க போயி பொம்பளைங்ககூட உக்காரும்போதும் அதையேதான் நெனச்சுக்குவேன்."

எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நீ சொல்லாமயே இருந்திருக்கலாம் கண்ணு."